லிலோ அண்ட் ஸ்டிச்

‘லிலோ அண்ட் ஸ்டிச்’, வால்ட் டிஸ்னி நிறுவனம் 2002 ஜூன் 21 அன்று அமெரிக்காவில் வெளியிட்ட, கையால் வரையப்பட்ட அனிமேஷன் திரைப்படம். கிறிஸ் சாண்டர்ஸும் டீன் டெபுளோவாவும் சேர்ந்து எழுதி இயக்கினார்கள். கிளார்க் ஸ்பென்சர் தயாரித்தார், ஆலன் சில்வெஸ்ட்ரி இசையமைத்தார். ஹவாய்த் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த கவாய் தீவில் கதை நடக்கிறது. பெற்றோரை இழந்து அக்காவின் பொறுப்பில் வளரும் லிலோ என்ற சிறுமியும், நகரங்களை அழிப்பதற்கென்றே ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டுத் தப்பி வந்த ஸ்டிச் என்ற வேற்றுக்கிரக உயிரும் ஒரே வீட்டில் வாழப் பழகுவதே அதன் கரு. மற்றவர்களைப் போல் இல்லாத குழந்தையைப் பற்றிய பல படங்களில், அந்த வேறுபாடு கடைசியில் ஒரு அரிய திறமையாக மாறும். அதைக் கண்ட ஊர் குழந்தையைக் கொண்டாடும். ‘லிலோ அண்ட் ஸ்டிச்’ அந்த வழியில் போகவில்லை. தனித்து நிற்கும் குழந்தை முதலில் தன் தகுதியை நிரூபித்துவிட்டு அன்பைப் பெறுவதில்லை என்பதையும், தகுதி பார்க்காமல் ஒருவராவது கையை விடாமல் பிடித்திருந்தால்தான் அது திருந்தவும் தேறவும் முடியும் என்பதையும் இந்தப் படம் சொல்கிறது. குழந்தைகளுக்கான திரைப்பட வரலாற்றில் இதற்குத் தனி இடம் கிடைத்ததற்கு அதுவே காரணம்.

உருவான விதம்

ஸ்டிச் என்ற உருவத்தை சாண்டர்ஸ் 1985-இல் ஒரு சிறுவர் புத்தகத்துக்காக யோசித்திருந்தார். புத்தகம் வரவில்லை, உருவம் மட்டும் அவரிடம் தங்கியது. டிஸ்னியின் ‘முலான்’ (1998) படத்தின் கதைக்குழுவில் ஒன்றாக வேலை செய்த சாண்டர்ஸும் டெபுளோவாவும் பிறகு அதை வைத்துத் திரைக்கதை எழுதினார்கள். முதலில் கதை அமெரிக்காவின் உள்நாட்டு மாநிலமான கான்சஸில் நடப்பதாக இருந்து, பின்னர் கவாய்க்கு மாறியது. படம் கலிஃபோர்னியாவில் இருந்த தலைமைக் கூடத்தில் உருவாகவில்லை. ஃபுளோரிடா மாநிலத்தின் ஓர்லாண்டோவில், டிஸ்னியின் கேளிக்கைப் பூங்காவுக்குள்ளேயே இயங்கிய கிளைக்கூடத்தில் உருவானது. செலவு ஏறத்தாழ 8 கோடி டாலர். அதே ஆண்டு வெளிவந்த டிஸ்னியின் ‘ட்ரெஷர் பிளானெட்’ படத்துக்கு 14 கோடி டாலர் செலவானதாகச் சொல்லப்படுகிறது. சிக்கனம் படத்தின் தோற்றத்திலேயே தெரியும். உடைகளில் பைகளும் பூவேலைகளும் குறைவு, முக்கியமான காட்சிகள் தவிர மற்றவற்றில் நிழல் வரைவதையும் குறைத்துக்கொண்டார்கள்.

பின்னணி ஓவியங்கள் நீர்வண்ணத்தில் தீட்டப்பட்டன. 1940-களுக்குப் பிறகு டிஸ்னியின் முழுநீளப் படங்களில் வழக்கொழிந்திருந்த அந்த முறையை ஓவியர்கள் மீண்டும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. நீர்வண்ணத்தில் விளிம்புகள் மென்மையாகக் கரையும், வெளிச்சம் காகிதத்துக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். பாத்திரங்களையும் சாண்டர்ஸின் கைவாகிலேயே வரைந்தார்கள். பருத்த கால்கள், உருண்ட மூக்கு, தரையில் அழுந்த ஊன்றிய பாதங்கள் என்று மனிதர்களுக்கு எடை இருக்கிறது. லிலோவின் அசைவுகளை ஆண்ட்ரியாஸ் டேயாவும், ஸ்டிச்சின் அசைவுகளை அலெக்ஸ் குப்பர்ஷ்மிட்டும் முன்னின்று வரைந்தனர். அக்கா நானிக்குக் குரல் கொடுத்த டியா காரேரேயும், அவளை விரும்பும் டேவிட்டுக்குக் குரல் கொடுத்த ஜேசன் ஸ்காட் லீயும் ஹவாயில் வளர்ந்தவர்கள். தங்கள் பாத்திரங்களின் பேச்சை உள்ளூர் வழக்குக்குத் திருத்த இருவரும் உதவினார்கள். லிலோவுக்கு டேவே சேஸும், ஸ்டிச்சுக்குச் சாண்டர்ஸே நேரடியாகவும் குரல் தந்தனர். இறுதித் துரத்தலில் ஒரு பயணிகள் விமானம் ஹோனலூலுவின் கட்டடங்களுக்கு இடையே பறப்பதாக முதலில் வரைந்திருந்தார்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதல்களுக்குப் பிறகு, அது மலைகளுக்கு இடையே பறக்கும் விண்கலமாக மாற்றப்பட்டது.

கதைச்சுருக்கம்

விண்வெளிக் கூட்டமைப்பு ஒன்றின் நீதிமன்றத்தில், ஜும்பா என்ற விஞ்ஞானி சட்டத்துக்குப் புறம்பாக உயிர்களை உருவாக்கியதற்காக நிறுத்தப்படுகிறார். அவருடைய 626-ஆவது படைப்புக்கு நாடுகடத்தல் தண்டனை கிடைக்கிறது. அது தப்பித்துப் பூமிக்கு வந்து கவாயில் விழுகிறது. நாய் என்று நினைத்து அதைக் காப்பகத்தில் அடைக்கிறார்கள். அங்கே வரும் லிலோ, அக்காவிடம் வாங்கிய 2 டாலரைக் கட்டி அதை வீட்டுக்கு அழைத்துச் சென்று ஸ்டிச் என்று பெயரிடுகிறாள். லிலோவை நானியிடமே விடலாமா, வேறு வீட்டுக்கு அனுப்பவேண்டுமா என்று முடிவு செய்ய கோப்ரா பபிள்ஸ் என்ற அரசு சமூகநலப் பணியாளர் வந்துபோகிறார். ஸ்டிச் செய்யும் களேபரங்களால் நானியின் வேலை போகிறது, அடுத்தடுத்துத் தேடிப் போகும் வேலைகளும் கைநழுவுகின்றன. ஸ்டிச்சைப் பிடிக்க அனுப்பப்பட்ட ஜும்பாவுடன் நடக்கும் சண்டையில் வீடே தரைமட்டமாகிறது. விண்வெளிப் படைத்தலைவன் லிலோவையும் சேர்த்துப் பிடித்துச் செல்ல, ஸ்டிச் அவளை மீட்கிறது. காப்பகத்தின் ரசீதைக் காட்டி ஸ்டிச் தன்னுடையது என்று லிலோ வாதாட, அந்தக் குடும்பத்தின் பொறுப்பில் அது பூமியிலேயே இருக்கலாம் என்று கூட்டமைப்பின் தலைவி தீர்ப்பளிக்கிறார்.

தனிமைக்குக் காரணம் உண்டு

லிலோ யார் என்பதைப் படம் ஒரு சிறு காட்சியில் சொல்லிவிடுகிறது. ஹுலா நடன வகுப்புக்கு அவள் தாமதமாக, கடலிலிருந்து நேராக, சொட்டச் சொட்ட நனைந்து வருகிறாள். அவள் உடம்பிலிருந்து வழிந்த நீரில் மற்றச் சிறுமிகள் வழுக்கி விழுகிறார்கள். ஆசிரியர் காரணம் கேட்கிறார். வியாழக்கிழமைதோறும் ஒரு மீனுக்குப் பீனட் பட்டர் தடவிய சான்ட்விச் கொண்டுபோய்க் கொடுப்பாள். இன்று வீட்டில் பீனட் பட்டர் தீர்ந்துவிட்டது, சூரை மீன்தான் இருந்தது. மீனுக்கு மீனையே கொடுப்பது பாவம் என்பதால் கடைக்கு ஓடியிருக்கிறாள். ஒரு சான்ட்விச்சுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று ஆசிரியர் கேட்க, மழையையும் வெயிலையும் அந்த மீன்தான் தீர்மானிக்கிறது என்கிறாள் லிலோ. மெர்ட்டில் என்ற சிறுமி அவளைப் பைத்தியம் என்கிறாள். லிலோ பாய்ந்து அடித்துக் கடித்துவிடுகிறாள். பார்ப்பவர்களுக்கும் அந்த நேரத்தில் இது விசித்திரமான ஒரு குழந்தையின் வேடிக்கைக் கற்பனையாகவே படும். வெகுநேரம் கழித்து, ஸ்டிச்சிடம் தன் குடும்பப் புகைப்படத்தைக் காட்டும்போது அவள் ஒரே வாக்கியத்தில் சொல்கிறாள்: அன்று மழை பெய்துகொண்டிருந்தது, அப்பாவும் அம்மாவும் காரில் வெளியே போனார்கள். மீனுக்கு உணவு கொடுக்கும் சடங்கின் பொருள் அப்போதுதான் விளங்குகிறது. இன்னொரு மழை வந்து இன்னொருவரைக் கொண்டுபோகாமல் தடுக்க, அவளால் முடிந்ததை அவள் செய்துகொண்டிருக்கிறாள். அந்த இரண்டு காட்சிகளையும் இணைத்து விளக்கும் வசனம் எதுவும் படத்தில் கிடையாது. குழந்தைகள் தாமாகவே கண்டுபிடிப்பார்கள் என்று இயக்குநர்கள் நம்பியிருக்கிறார்கள்.

இதிலிருந்து பெறப்படும் உண்மை முக்கியமானது. விசித்திரம் என்று ஊர் பெயர்வைக்கும் நடத்தைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கேட்கப் பொறுமையுள்ளவர் இல்லாததுதான் தனிமை. ஆசிரியர் கேட்டார், ஆனால் லிலோவால் பாதிதான் சொல்ல முடிந்தது. மெர்ட்டிலுக்கு அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. லிலோ தானே தைத்த, தலை பெருத்த ஒரு துணிப்பொம்மையை வைத்திருக்கிறாள். பூச்சி ஒன்று காதில் முட்டையிட்டுவிட்டதால் அதற்கு வாழ்நாள் குறைவு என்று கதையும் கட்டியிருக்கிறாள். மற்றச் சிறுமிகளிடம் இருப்பவை கடையில் வாங்கிய பொம்மைகள். அவள் விளையாட்டில் சாவு நுழைந்துவிட்டதை அவர்கள் உணர்கிறார்கள், பெயர் சொல்லத் தெரியாமல் விலகிப் போகிறார்கள். இவர்களைப் படம் கொடியவர்களாக்கவில்லை, நல்லவர்களாக்கிச் சமாதானமும் செய்யவில்லை. மெர்ட்டில் மன்னிப்புக் கேட்கும் காட்சி எங்கும் வராது.

தனிமைக்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு என்பதைச் சொன்னது இந்தப் படத்தின் அடுத்த சிறப்பு. நானிக்கு 19 வயது. சுற்றுலாப் பயணிகளுக்கு விருந்தும் நடனமும் நடத்தும் விடுதியில் பரிமாறும் வேலை. சமூகநலப் பணியாளர் முதன்முறை வரும் நாளில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. லிலோ கதவுக்கு உள்ளிருந்து ஆணியடித்துவிட்டு, தரையில் படுத்து எல்விஸ் பிரெஸ்லியின் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவர் போனதும் அக்காவும் தங்கையும் வீடு அதிரச் சண்டை போட்டு, ஆளுக்கொரு அறைக்குப் போய்த் தலையணையில் முகம் புதைத்துக் கத்துகிறார்கள். பிறகு நானி தட்டில் பிட்சாத் துண்டுடன் வந்து உட்கார, தாயாக இருப்பதைவிட நீ அக்காவாக இருந்ததே எனக்குப் பிடித்திருந்தது என்ற பொருள்பட லிலோ பேசுகிறாள். வளர்ந்தவளும் தனித்துத்தான் இருக்கிறாள் என்பதை அந்தச் சிறுமி அறிந்திருக்கிறாள். இளவரசிகளின் துயரத்தைப் பாடிப் பழகிய ஒரு நிறுவனம், வேலை, அரசு அதிகாரியின் வருகை என்ற அன்றாட அச்சங்களைக் குழந்தைகள் படத்தின் நடுவில் வைத்தது.

திறமையால் வாங்காத இடம்

டிஸ்னியின் ‘டம்போ’ (1941) படத்தில் பெரிய காதுகளுக்காகக் கேலி செய்யப்படும் யானைக்குட்டி, அந்தக் காதுகளாலேயே பறக்கிறது. பறந்த பிறகு எல்லோரும் அதைக் கொண்டாடுகிறார்கள். ‘ஹேப்பி ஃபீட்’ (2006) படத்தில் பாடத் தெரியாத பென்குயின், தன் காலாட்டத்தால் கூட்டத்தையே காப்பாற்றுகிறது. இவை அழகான படங்கள், பல குழந்தைகளுக்கு ஆறுதல் தந்தவை. ஆனாலும் அவற்றின் அடியில் ஒரு நிபந்தனை இருக்கிறது: உன் குறை பயன்பட்டால் உனக்கு இடம் உண்டு. பறக்காத டம்போவுக்கு என்ன இடம் என்ற கேள்விக்கு அந்தக் கதைகளில் பதில் இல்லை. வகுப்பறையில் தனியே உட்கார்ந்திருக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் பறக்கப்போவதில்லை. அவர்களுக்கான கதை வேறாகத்தான் இருக்கவேண்டும்.

லிலோவிடம் ஒளிந்திருக்கும் திறமை எதையும் படம் கண்டெடுக்கவில்லை. அவள் புகைப்படம் எடுப்பாள். கடற்கரையில் திரியும் சுற்றுலாப் பயணிகளை எடுத்துச் சுவரெங்கும் ஒட்டியிருக்கிறாள். அந்தப் படங்களால் அவளுக்குப் புகழ் வரவில்லை. ஸ்டிச்சிடம் இருக்கும் திறமையோ அழிவுத் திறமை. அது லிலோவின் அறையில் கிடைத்த பொருள்களைக்கொண்டு சான் பிரான்சிஸ்கோ நகரத்தை அச்சு அசலாகக் கட்டி, உடனே அதன் நடுவில் புகுந்து மிதித்துத் தள்ளுகிறது. கட்டவும் தெரியும், கட்டியதை வைத்திருக்க மட்டும் தெரியாது என்று அந்த உயிரின் இயல்பை நொடியில் காட்டிவிடும் காட்சி இது. பெரிய நகரம் இல்லாத, சுற்றிலும் கடல் சூழ்ந்த தீவில், நீந்தவும் முடியாத ஸ்டிச்சுக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் போகிறது. படைத்த ஜும்பாவே அதை இரக்கத்தோடு கவனிக்கிறார்: இரவில் விழித்துக்கொண்டால் நினைத்துப் பார்ப்பதற்கு ஒரு நினைவுகூட இல்லாத உயிர் அது. லிலோவின் தனிமை இழந்தவர்களை எண்ணி வருவது. ஸ்டிச்சின் தனிமை இழக்க ஒருவருமே இல்லாததால் வருவது. இந்த இரண்டையும் அருகருகே வைத்து வேறுபடுத்திக் காட்டிய குழந்தைகள் படங்கள் மிகச் சில.

ஸ்டிச்சுக்கு லிலோவின் அறையில் ‘அழகற்ற வாத்துக்குஞ்சு’ புத்தகம் கிடைக்கிறது. ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1843-இல் வெளியிட்ட கதை அது. அந்தக் குஞ்சு கடைசியில் அன்னமென்று தெரிந்து தன் இனத்தைச் சேர்கிறது. தானும் ஓர் அன்னமாக இருக்கலாம் என்று ஸ்டிச் காட்டுக்குள் போய், புத்தகத்தைப் பிடித்தபடி தன் குடும்பம் வருமென்று காத்திருக்கிறது. வந்தவர் ஜும்பா. ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்ட உனக்குக் குடும்பம் கிடையாது என்கிறார். புகழ்பெற்ற அந்தப் பழைய கதையின் ஆறுதல் எல்லோருக்கும் செல்லாது என்பதை இங்கே படம் வெளிப்படையாகவே சொல்கிறது. எங்கோ தன் இனம் காத்திருக்கிறது என்ற நம்பிக்கை பொய்த்த பிறகும் வாழ வழி இருக்கிறது என்பதை அது அடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. பிற்பாதி முழுவதும் அதைத்தான் செய்கிறது.

மறுப்புகளும் விடைகளும்

இந்த வாசிப்புக்கு முதல் மறுப்பு படத்துக்குள்ளிருந்தே எழும். ஸ்டிச் கடைசியில் திருந்துகிறதே, லிலோவைக் காப்பாற்றுகிறதே; அப்படியானால் அதுவும் தகுதியை நிரூபித்துத்தானே இடம் பெறுகிறது? நிகழ்ச்சிகளின் வரிசையைப் பார்த்தால் விடை கிடைக்கும். இரவில் நீ அழுவது எனக்குக் கேட்கிறது, அதனால்தான் பொருள்களை உடைக்கிறாய் என்று லிலோ ஸ்டிச்சிடம் சொல்வது அது எந்த நன்மையும் செய்யாத கட்டத்தில். நானியின் வேலை பறிபோன இரவில், இதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நானி சொல்லும்போது, குடும்பத்தில் யாரையும் கைவிடக்கூடாது என்று தங்கள் அப்பா சொன்னதை லிலோ நினைவூட்டுகிறாள். அந்தச் சொல்லுக்கு அப்போது கட்டுப்படுவதால் நானிக்கு நட்டம் மட்டும்தான். மீட்பு நடப்பது அதற்கெல்லாம் பிறகு. அன்பு முன்னால் வருகிறது, திருந்துவது அதன் விளைவாக வருகிறது. வரிசையை மாற்றினால் இது இன்னொரு ‘டம்போ’ ஆகிவிடும்.

இரண்டாவது மறுப்பு பெற்றோர்களுடையது. கடிக்கும், அடிக்கும், கதவுக்கு ஆணியடிக்கும் சிறுமியை நாயகியாக்கினால் பார்க்கும் குழந்தைகள் கெட்டுப்போக மாட்டார்களா என்பது அவர்கள் கவலை. நல்ல குணமுள்ள தனிமைக் குழந்தைக்கு மட்டும் இரங்குவது எளிது. உண்மையில் தனித்துவிடப்பட்ட குழந்தைகளில் பலர் முரடாகவும் பிடிவாதமாகவும் இருப்பார்கள், அந்த நடத்தையே அவர்களை மேலும் தனிமைப்படுத்தும். படம் லிலோவின் செயல்களை நியாயப்படுத்தவில்லை. அவளுக்கு நண்பர்கள் இல்லாமல் போவதும், அக்காவின் உரிமையே கேள்விக்குள்ளாவதும் அவற்றின் பலன்களே. ஸ்டிச்சின் உருவத்தை வரைந்து, அதன் கெட்டதனம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அவளே வண்ணம் தீட்டிக் காட்டுவாள். குற்றத்தைக் குற்றமென்று சொல்லிவிட்டு, ஆளை விடாமல் வைத்துக்கொள்ளலாம் என்பதை அந்தச் சிறுமி வழியாகவே படம் கற்பிக்கிறது.

மூன்றாவது மறுப்பு கனமானது. ஹவாய் 1893-இல் தன் அரசி லிலியுஓகலானியை இழந்து, 1898-இல் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டு, 1959-இல் அதன் மாநிலமான நாடு. அதன் பண்பாட்டை ஒரு பெருநிறுவனம் எடுத்துப் படமாக்கி, பொம்மையாகவும் பையாகவும் விற்பது சுரண்டல்தானே? விற்பனை மறுக்க முடியாதது. இன்று கடைகளில் தொங்கும் நீலநிற ஸ்டிச்சுக்கும் படத்தில் இரவில் அழும் உயிருக்கும் தொடர்பு மிக மெலிது. படத்துக்குள் நிலைமை வேறு. பயணிகளின் கண்ணால் தீவைப் பார்ப்பதற்கு மாறாக, கேமராவை ஒரு தீவுச் சிறுமியின் கையில் கொடுத்துப் பயணிகளையே வேடிக்கைப் பொருளாக்கியிருக்கிறார்கள். அந்தச் சுற்றுலாவை நம்பித்தான் நானியின் சம்பளம் இருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. பாடல்களில் மார்க் கேயாலி ஹோஓமாலுவும் கமேஹமேஹா பள்ளிகளின் சிறுவர் பாடகர் குழுவும் பங்கேற்றனர். லிலோவை அழைத்துப்போக இருக்கும் நாளுக்கு முந்தைய இரவில், ஊஞ்சல் படுக்கையில் தங்கையை அணைத்தபடி நானி பாடுவது ‘அலோஹா ஓயே’. அதை இயற்றியவர் அரியணை இழந்த அதே அரசி. தன் நாட்டைக் கையில் வைத்திருக்க முடியாத ஒருவரின் பிரிவுப் பாடலை, தங்கையைக் கையில் வைத்திருக்க முடியாத ஒருத்தி பாடுகிறாள். இடம் வெறும் பின்னணியாக இருந்திருந்தால் இந்தத் தேர்வு நடந்திருக்காது.

கடைசியாக, 2 டாலர் ரசீதால் எல்லாம் சரியாவது எளிய தந்திரம் என்பார்கள். அந்த ரசீதுக்குப் பின்னால் இருப்பது, லிலோவைப் பிரிக்க வந்த அதே சட்டம். காகிதமும் விதியும் குடும்பங்களைக் கலைக்க மட்டுமே பயன்பட வேண்டியதில்லை, காக்கவும் பயன்படும் என்பதைச் சொல்ல அதைவிடச் சிறிய கருவி கிடைக்காது. ரசீது வெளிவருவதற்கு முன்பே ஸ்டிச் தலைவியிடம், தன் குடும்பத்தைத் தானே கண்டடைந்ததாகவும், அது சிறியதும் உடைந்ததுமானாலும் நல்லதுதான் என்றும் சொல்லிவிடுகிறது. அவர் மனம் இளகியது அந்தச் சொல்லால், ரசீது அதற்கு வழி திறந்தது.

வரவேற்பும் பின்வரலாறும்

படம் உலகெங்கும் ஏறத்தாழ 27 கோடி டாலர் வசூலித்தது. சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. விருது ஹயாவ் மியசாகியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ படத்துக்குப் போனது. தொலைக்காட்சித் தொடரும் வீடியோ படங்களும் தொடர்ந்தன. 2008-இல் ஒகினாவாவைக் களமாகக்கொண்ட ஜப்பானியத் தொடரும் வந்தது. படத்தை உருவாக்கிய ஃபுளோரிடா கூடம் 2004-இல் மூடப்பட்டது. சாண்டர்ஸும் டெபுளோவாவும் பின்னர் ‘ஹவ் டு டிரெயின் யுவர் டிராகன்’ (2010) படத்தில் மீண்டும் இணைந்தார்கள். சாண்டர்ஸ் தனியே இயக்கிய ‘தி வைல்ட் ரோபோ’ (2024), காட்டில் தனித்து விழுந்த ஓர் இயந்திரம் ஒரு வாத்துக்குஞ்சை வளர்ப்பதைச் சொல்கிறது. இதே கேள்வியை அவர் இருபது ஆண்டுகளாக விடவில்லை என்பது அதில் தெரியும்.

டீன் ஃபிளெய்ஷர் கேம்ப் இயக்கத்தில் 2025 மே மாதம் நடிகர்களைக்கொண்டு எடுக்கப்பட்ட மறுவாக்கம் வெளிவந்து 100 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதில் நானி, லிலோவை அண்டை வீட்டு மூதாட்டியின் பொறுப்பில் விட்டுவிட்டு அமெரிக்கப் பெருநிலத்துக்குக் கல்லூரிப் படிப்புக்குச் செல்கிறாள். 19 வயதுப் பெண் தன் வாழ்வு முழுவதையும் துறக்கவேண்டும் என்று கதை கோரக்கூடாது என்பது இந்த மாற்றத்துக்குச் சொல்லப்பட்ட நியாயம், அது மதிக்கத்தக்கது. ஹவாய்ப் பூர்வகுடியினர் உட்படப் பலர் அதை எதிர்த்ததும் மதிக்கத்தக்கதே: குடும்பத்தைப் பிரிக்க வந்த அரசுதான் முதல் படத்தின் முக்கிய அச்சம், அந்த அச்சத்தையே தீர்வாக்குவது எப்படி என்று அவர்கள் கேட்டார்கள். நானிக்குத் துணை தேவை என்பதை 2002-இன் படமும் அறிந்திருந்தது. அதன் முடிவில் டேவிட்டும், ஜும்பாவும், அவருடன் வந்த பிளீக்லியும், கோப்ரா பபிள்ஸும் வீட்டுக்கு வந்து சேர்கிறார்கள், இடிந்த வீட்டைச் சேர்ந்து கட்டுகிறார்கள். சுமக்கும் ஒருத்தியை விடுவிப்பதற்கு அந்தப் படம் கண்ட வழி, சுமப்பவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது. மறுவாக்கத்தின் கேள்வி சரியானது, விடை முதல் படத்தில்தான் முழுமையாக இருக்கிறது.

குழந்தைகளுக்குத் தனிமையைப் பற்றிச் சொல்லும் கதைகள் இனியும் வரும். அவற்றை அளக்க இந்தப் படம் ஓர் அளவுகோலைத் தந்திருக்கிறது: வேறுபட்ட குழந்தை எதையும் சாதிக்காவிட்டாலும் அந்தக் கதையில் அதற்கு இடமிருக்கிறதா என்று கேட்கவேண்டும். ‘லிலோ அண்ட் ஸ்டிச்’ அந்தக் கேள்விக்கு ஆம் என்று பதில் சொன்னதோடு, அந்த இடத்தைக் கொடுப்பவர்களுக்கு ஆகும் செலவையும், அவர்களுக்கும் துணை வேண்டும் என்பதையும் மறைக்காமல் கணக்கில் சேர்த்தது.